வேக்கோ: விசாரணை என்னும் பிரதி

டெக்சாஸின் வேக்கோ அருகே பிராஞ்ச் டேவிடியன் என்ற சமயக்குழுவின் குடியிருப்பை 51 நாள் சூழ்ந்து நின்ற முற்றுகை 1993 ஏப்ரல் 19 அன்று முடிந்தது. எஃப்.பி.ஐ. கவச வாகனங்களால் சுவர்களை இடித்துக் கண்ணீர்ப்புகை செலுத்தியது, பிறகு தீ. 70க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், அவர்களில் 20க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள்.

1995 ஜூலையில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை நடத்திய விசாரணையை ஒரு பிரதியாக வாசிக்கலாம். முதல் நாளே 14 வயதுச் சிறுமி ஒருத்தி, குழுத்தலைவர் கொரேஷ் தன்மீது நிகழ்த்திய பாலியல் வன்முறையைச் சொன்னாள். அது அவளுடைய வலி. ஆனால் விசாரணை மன்றத்தில் அது முற்றுகைக்கான நியாயமாக உருமாறியது. குழந்தைகளைக் காப்பாத்தத்தான் என்றால், முகமூடி பொருந்தாத குழந்தைகள் இருந்த வீட்டுக்குள் புகையை விட்டது எதுக்கு? குடியரசுக் கட்சிக்கு கிளிண்டன் அரசை அடிக்க ஒரு கம்பு வேணும். ஜனநாயகக் கட்சிக்கு அதைக் காக்க ஒரு கேடயம். இந்த இரண்டு சொல்லாடல்களுக்கும் நடுவில் செத்தவர்கள் வெறும் சான்றுப்பொருள்.

தீப்பற்றவைக்கக்கூடிய புகைக்குண்டுகளையும் அன்று சுட்டதை எஃப்.பி.ஐ. ஒப்புக்கொண்டது 1999இல்தான். தீக்குக் காரணம் அந்தக் குண்டுகள் அல்ல என்றது 2000இல் வந்த சிறப்பு விசாரணை. இருக்கட்டும். மறைத்து வைத்திருந்ததை மக்கள் பிரதிநிதிகளால் ஏன் தோண்டி எடுக்க முடியவில்லை? செத்தவங்களுக்கு 'கல்ட்' என்று முன்னாடியே பேர் வச்சாச்சு. அந்தப் பெயரை யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்பதிலிருந்து விசாரணை தொடங்கியிருக்க வேண்டும்.