ரஞ்சியின் மணிக்கட்டு

ரஞ்சித்சிங்ஜியைப் பற்றி என்னிடம் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள். பாபநாசத்தில் ரயில் ஏறியவர் மாயவரம் வரைக்கும் தப்ப முடியாது.

எங்கள் ஊரில் கிரிக்கெட் பைத்தியங்களுக்குப் பஞ்சமே இல்லை. தோனி கட்சி, கோலி கட்சி, டெண்டுல்கர் ஓய்வு பெற்றதை இன்னும் ஒப்புக்கொள்ளாத கட்சி என்று டீக்கடைக்கு டீக்கடை மாறும். நான் மட்டும் 1872-இல் கத்தியவாரில் பிறந்த ஒருவருக்காகக் கொடி பிடித்துக்கொண்டு திரிகிறேன். காரணம் கேட்டால் கையில் இருக்கும் போனை நீட்டிவிடுவேன். 1897-இல் சிட்னியில் ஹென்றி பார்னெட் என்பவர் எடுத்த படம் அதில் இருக்கிறது. இன்றைக்கு மிஞ்சியிருக்கும் கிரிக்கெட் படங்களிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. ஒரு நிமிஷம்கூட ஓடாது, சத்தமும் கிடையாது. வலைக்குள் ஒரு மனுஷர் நின்று பயிற்சி எடுக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த மணிக்கட்டு இருக்கிறதே! மட்டைக்குக் கனமே இல்லையோ என்று தோன்றிவிடும்.

அந்த மணிக்கட்டில் பிறந்ததுதான் லெக் கிளான்ஸ். கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில், வேகப்பந்து வந்தால் வலது காலை வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு ஒதுங்குகிற பழக்கம் அவருக்கு இருந்ததாம். பயிற்சி கொடுத்த டான் ஹேவர்ட் அந்தக் காலை நகரவிடாமல் தரையோடு கட்டிப் போட்டார் என்று சொல்வார்கள். வலது கால் அசையாது, பந்தோ உடம்புக்கு நேரே வருகிறது. என்ன செய்வார்? இடது காலைக் குறுக்கே வைத்து, கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுழற்றி, பின்பக்கம் திருப்பிவிட்டார். வாய்க்காலில் பாய்ந்து வரும் தண்ணீரை மம்பட்டியால் ஒரே வெட்டில் மடை மாற்றிவிடும் கை எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், அதே வேலைதான். பலம் முழுக்கப் பந்து போட்டவனுடையது, ரன் மட்டும் இவருடையது!

ஜனவரி கடைசியில் மேட்டூரை மூடியபின் குடமுருட்டி வற்றிவிடும். பிறகு ஜூன் வரைக்கும் ஆற்று மணல்தான் எங்கள் பையன்களுக்கு மைதானம். அங்கே போய் இந்த ஷாட்டுக்குப் பிரசாரம் செய்வது என் வழக்கம். அதில் ஒரு கொடுமை உண்டு. லெக் சைடில் கருவைப் புதர், பந்து அதற்குள் போனால் தேடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் அந்தப் பக்கம் அடித்தாலே அவுட் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். "சித்தப்பா, உங்க ராஜா நம்ம ஆத்துல ஆடுனா முதல் பந்துலயே அவுட்டு" என்கிறான் ஒரு பொடியன். என்னத்தைச் சொல்ல!

1896 கதையைச் சொன்னால் அவனும் வாயைப் பிளக்கிறான். அப்போதெல்லாம் எந்த மைதானத்தில் டெஸ்ட் நடக்கிறதோ அந்த மைதானத்துக் கமிட்டிதான் இங்கிலாந்துக்கு ஆள் எடுக்கும். லார்ட்ஸ் கமிட்டி இந்தியரான ரஞ்சியை எடுக்கவில்லை. அடுத்த டெஸ்டுக்கு மான்செஸ்டர்க்காரர்கள் எடுத்தார்கள். ஜூலை 16-இல் ஆட்டம் தொடங்கியது. ஆஸ்திரேலியா 412. இங்கிலாந்து 231-இல் சுருண்டு ஃபாலோ ஆன். அதில் ரஞ்சி 62. இரண்டாம் இன்னிங்ஸில் ஒவ்வொருவராகப் பெவிலியனுக்கு நடையைக் கட்ட, இவர் 41-உடன் இரவைக் கழித்துவிட்டு மூன்றாம் நாள் காலையில் வந்து நிற்கிறார். மதியச் சாப்பாட்டுக்குள் மேற்கொண்டு 113 ரன்! ஒரே காலைப் பொழுதில் சதம் அடித்த ஆள் டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் கிடையாது. கடைசிவரை ஆட்டமிழக்காமல் 154. இங்கிலாந்து தோற்றது, ஆஸ்திரேலியா ஜெயிக்க வேண்டிய 125 ரன்னுக்கே ஏழு விக்கெட் போனது. தோற்ற ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு பெருமை அடிப்பவன் நானாகத்தான் இருப்பேன்.

அதே வருஷம் ஆகஸ்டில், சசெக்ஸ் அணிக்காக ஹோவ் மைதானத்தில் யார்க்ஷயருக்கு எதிராக ஒரே நாளில் இரண்டு சதம்: 100, ஆட்டமிழக்காமல் 125. அடுத்த வருஷம் டிசம்பரில், தொண்டை வீங்கிப் படுத்திருந்தவர் எழுந்து வந்து, சிட்னியில் ஏழாவதாக இறங்கி 175. 1899-இல் ஒரே சீசனில் 3,159 ரன். மூவாயிரத்தை அதற்கு முன் யாரும் தொட்டதில்லை. டெஸ்டில் மட்டும் 15 ஆட்டத்தோடு, 989-இல் நின்றுபோனார். அந்தப் பதினொரு ரன்னை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மனஸ்தாபமும் உண்டு, மறைப்பானேன். 1907-இல் நவாநகர் ஜாம்சாகிப் ஆனார், கையில் சமஸ்தானமே இருந்தது. ஆனாலும் இந்திய கிரிக்கெட்டுக்கு அவர் செய்தது குறைவு என்பதே என் அபிப்பிராயம். சகோதரர் மகன் துலீப்பையும் இங்கிலாந்துக்குத்தான் ஆடவிட்டார். கோபமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1915-இல் வேட்டைக்குப் போன இடத்தில் வலது கண்ணைப் பறிகொடுத்தவர், 1920-இல், 47 வயதில், ஒற்றைக் கண்ணோடு சசெக்ஸுக்காக மறுபடி மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார் என்று படிக்கும்போது அந்தக் கோபம் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. ரன் ஒன்றும் பெரிதாக வரவில்லை. வந்தால் என்ன, வராவிட்டால் என்ன!

1933-இல் காலமானார். மறுவருஷமே அவர் பெயரில் கோப்பை. அதன் முதல் ஆட்டம் எங்கே? நம் சேப்பாக்கத்தில்! 1934 நவம்பர் 4, சென்னைக்கும் மைசூருக்கும். முதல் பந்தைப் போட்டவர் எம். ஜே. கோபாலன். ஏ. ஜி. ராம்சிங் 35 ரன் கொடுத்துப் பதினொரு விக்கெட்டைக் கழற்றினார், அன்று மாலைக்குள் சென்னை இன்னிங்ஸ் வெற்றி. உலகம் மெச்சிய மட்டையாளர் பெயரில் தொடங்கிய போட்டியை முதல் நாளே பந்துவீச்சாளர்கள் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள், போங்கள்.