யுன் தோங்-ஜு: ஒரு சொல் பற்றி

ஜப்பான்–கொரியா விவகாரம் என்றதும் ஒப்பந்தம், நஷ்டஈடு, மன்னிப்பு என்று பேச்சு போய்விடுகிறது. என்னை உறுத்திக்கொண்டிருப்பது ஒரு கவிதையில் ஒரு சொல். இரு மொழியும் அறியாமல் ஆங்கிலம் வழியே படித்தவன் நான். எனவே ஓசை, நயம் பற்றிப் பேச எனக்கு யோக்யதை இல்லை. இந்தச் சொல் பற்றிப் பேசலாம்.

யுன் தோங்-ஜு 1917இல் மஞ்சூரியாவில், கொரியர் குடியேறிய கிராமமொன்றில் பிறந்தவர். கொரியா ஜப்பான் வசமாகி அப்போது ஏழு வருஷம். பள்ளிகளிலிருந்து கொரிய மொழி ஒதுக்கப்பட்டு வந்த நாட்களில் அம்மொழியிலேயே எழுதினார். 1941இல் 19 கவிதைகளைத் தொகுத்தார். அச்சேற்ற முடியவில்லை, கையால் மூன்று பிரதிகள் எழுதினார். மறுவருஷம் ஜப்பானுக்குப் படிக்கப் போக ஹிரானுமா என்ற குடும்பப் பெயரைப் பதிய நேர்ந்தது. 1943 ஜூலையில் க்யோத்தோவில் கைது. 1945 பிப்ரவரி 16இல் ஃபுகுவோகா சிறையில் இறந்தார், 27 வயதில். விடுதலைக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. நண்பரொருவர் வீட்டில் ஒளித்துவைத்த பிரதியால்தான் 1948இல் புத்தகம் சாத்தியமாயிற்று.

தொகுப்பின் முகப்புக் கவிதை 1941 நவம்பர் 20 தேதியிட்டது. கவி அதில் தன் அன்பை வைப்பது செத்துக்கொண்டிருக்கும் அனைத்தின் மீதும். 1984இல் வந்த இபுகி கோவின் ஜப்பானிய மொழிபெயர்ப்பில் இது உயிர்வாழும் அனைத்தும் என்றாகிவிட்டது. ஆய்வாளர் ஓமுரா மசுவோ ஆட்சேபித்தார். அவரும் ஜப்பானியர்தான் என்பதைச் சொல்லவேண்டும்.

சாகப்போவது உயிருள்ளதுதானே என்று வாதிடலாம். தர்க்கம் சரி. ஆனால் இபுகி கையாண்ட தொடர், ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கொகின்ஷு தொகுப்பின் முன்னுரையிலேயே வருவது. ஜப்பானியக் காதுக்குப் பழகிய, சுகமான தொடர். சாவு என்ற சொல் வாசகனைக் கேள்வி கேட்கும்: எது செத்துக்கொண்டிருந்தது, யாரால்? கொரிய மொழி, பெயர்கள், மனிதர்கள். பழகிய தொடரில் அந்தக் கேள்வி எழ இடமே இல்லை. கருணை பொதுவாகிவிடுகிறது, பொதுவானதும் யாரும் பொறுப்பில்லை.

இபுகியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. சிரத்தையோடு முழுத்தொகுப்பையும் தன் மொழிக்குக் கொண்டுபோனவர். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் விஷயம் சுலபம். நல்லெண்ணமே இதைச் செய்திருக்கிறது என்பதுதான் தொந்தரவு.

1995இல், கைதானபோது அவர் படித்துவந்த தோஷிஷா பல்கலைக்கழக வளாகத்தில் நினைவுக்கல் நட்டார்கள். அவர் கையெழுத்திலேயே கொரிய மூலம். கூடவே இபுகியின் மொழிபெயர்ப்பு. கொரியம் படிக்கத் தெரிந்தவர் அங்கே சாவைப் படிக்கிறார், பக்கத்தில் நிற்கும் ஜப்பானியர் உயிரைப் படிக்கிறார். இருவரும் ஒரே கவிதைக்குத்தான் தலை வணங்குவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.