கிங்ஸ்ரன் வீதியில் ஒரு சத்திரம்

ரொறன்ரோ நகரின் ஸ்காபுறோவில் கிங்ஸ்ரன் வீதியும் மிட்லண்டும் சந்திக்கும் முனையில் 1840களின் கடைசியில் ஒரு வழிவிடுதி எழுந்தது. சென்ற் லோறன்ஸ் சந்தைக்கும் கிழக்கே டன்பார்ட்டனுக்கும் நடுவழியில் நின்றதால் அதற்கு ‘ஹாஃப் வே ஹவுஸ்’ என்று பெயர். 1960களில் அதைப் பெயர்த்தெடுத்து பிளாக் கிறீக் முன்னோடிக் கிராமத்தில் நிறுத்தினார்கள். பார்க்க வருகிறவர்கள் இரண்டு மாடிக்கும் ஓடும் விறாந்தையைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். அந்த விடுதியின் கலை இருந்தது அடுக்களையில் என்பேன். அக்காலச் செங்கற் போறணைக்குள் விறகை மணிக்கணக்கில் எரிப்பார்கள். பிறகு தணலை வழித்து வெளியே தள்ளிவிட்டு, கல் குடித்து வைத்திருக்கும் சூட்டிலேயே பாணை வேகவைப்பார்கள். பாண் இறங்கியதும் அதே சூடு தணியத் தணிய வேறு பண்டங்கள் உள்ளே போகும். வெப்பமானி கிடையாது, கைதான் கணக்கு. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமலே அன்றன்றைக்கு மாவு பிசைந்து, பனியில் விறைத்து இறங்குகிறவருக்குச் சூடாக எடுத்துவைப்பது லேசான வித்தை இல்லை. நீண்ட உணவுப் பட்டியல் எதற்கு? இருக்கிற இரண்டு மூன்றைப் பிசகாமல் செய்தால் போதும்.

முன்பின் தெரியாதவரோடு ஒரே கட்டிலில் படுக்கவேண்டிய, விஸ்கி நெடியடிக்கும் விடுதிகளில் என்ன ரசனை என்று கேட்கலாம். அக்கால விடுதிகள் பல அப்படித்தான் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் படுக்கையின் குறை சமையற்காரியின் கைத்திறனைக் குறைத்துவிடாது. காசு வாங்கிப் போட்ட சோறு எப்படி விருந்தோம்பலாகும் என்பது இதைவிடக் கனமான கேள்வி, நம்மவர் கேட்கக்கூடியதும்கூட. பருத்தித்துறைத் தெருமூடிமடம் வழிப்போக்கருக்குக் காசு கேளாமல் நிழல் தந்தது. அது பெரிய அறம். ஆனால் நிழலுக்கு நாள்தோறும் செலவில்லை, அடுப்புக்கு உண்டு. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தில் பசியாறியவர் காசு கொடுக்கவில்லை என்றால், அவருக்காகச் சரபோஜி மன்னரின் கொடை கொடுத்தது. கிங்ஸ்ரன் வீதியில் கொடை இல்லை, உண்டவரே கொடுத்தார். விருந்தோம்பலைக் காசு தீர்மானிப்பதில்லை; வந்தவருக்குப் போடும் பாண் ஆறியதா, சூடானதா என்பதே தீர்மானிக்கிறது.

இதே நகரத்தில், எற்றோபிக்கோ டண்டாஸ் வீதியில், 1830 அளவில் கட்டிய மொன்ற்கொமறி விடுதியும் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஸ்காபுறோவில் பிள்ளை வளர்ப்பவர்கள் இரண்டுக்கும் ஒருமுறை கூட்டிப்போங்கள். விறாந்தையோடு திரும்பிவிடாமல் அடுக்களைவரை போய்ப் பாருங்கள்.