புகைப்படமும் புரட்டும்

எழுதுகின்றவன் கூட்டியும் குறைத்தும் எழுதுவான். சித்திரக்காரன் தன் மனம்போல் தீட்டுவான். புகைப்படக் கருவியோ தன்முன் நின்றதையே பிடிக்கும் என்று நம்மவர் நெடுங்காலமாய் நம்பி வந்திருக்கின்றனர். இந்நம்பிக்கை அக்கலையின் குழந்தைப் பருவத்திலேயே பழுதுபட்டது என்பதை அறிந்தோர் சிலரே. சான்று தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டுவதில்லை. நமது தஞ்சையும் மதுரையுமே போதும்.

லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் பட்டாளத்துக் காப்டன் 1856-ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சர்க்காரின் புகைப்படக்காரராய் நியமனம் பெற்றார். ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களில் கோயில்களையும் அரண்மனைகளையும் படமெடுத்தார். அக்காலத்துக் காகித நெகட்டிவ் நீல நிறத்தை மட்டுமீறிப் பற்றிக்கொள்ளும். ஆதலால் வானம் மேகமின்றி வெறும் வெள்ளையாய் விழும். டிரைப் நெகட்டிவின்மேல் தம் கையாலேயே சாயம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். மரத்தின் இலைகளையும் திருத்தினார். இது குற்றமா? சிறு குற்றமென்போம். கோபுரத்தின் ஒரு கல்லையும் அவர் இடம் மாற்றவில்லை. ஆயினும் அன்று வானம் எப்படியிருந்தது என்று அப்படத்தைக் கொண்டு சாட்சி சொல்லப் புகுகின்றவன் ஏமாந்தே போவான்.

அதே டிரைப் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாய் எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். எவர் கண்ணும் ஒரு பார்வையில் காண இயலாத காட்சி அது. ஒட்டு என்று பார்த்தால் இதுவன்றோ பெரிய ஒட்டு! எனினும் இதில் வஞ்சனை கிடையாது. எழுத்தை வாசிக்க வேண்டி ஒட்டினார். ஒட்டியது என்பதும் வெளிப்படை. தீட்டிய மேகங்களினும் மேகமே இல்லாத இக்கற்சுவரையே நாம் மேலாக மதிக்கின்றோம்.

நிற்க. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சென்னை நகரம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தபோது, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி 3-ஆம் தேதி ஆகாய மார்க்கமாய்ச் சேதங்களைப் பார்வையிட்டார். இந்திய சர்க்காரின் பத்திரிகைத் தகவல் நிலையம் படங்களை வெளியிட்டது. அவற்றுள் ஒன்றில் பிரதமர் ஜன்னல் வழியே கீழே நோக்குகின்றார். ஜன்னலுக்குள் வெள்ளம் சூழ்ந்த வீடுகள் துலக்கமாய்த் தெரிகின்றன. மூலப்படத்திலோ அவ்விடத்தில் மங்கலான வெளியே இருந்தது. ஜனங்கள் கண்டு நகைத்த பின், அப்படம் அகற்றப்பட்டது. இரு படங்களை ஒன்றாக்கியதே அது என்று நிலையம் ஒப்பி வருத்தம் தெரிவித்தது.

இப்படத்தைக் கலையென்று எடுத்துக்கொண்டு பார்த்தாலும் அது தோற்ற படம். உள்ளிருக்கும் வெளிச்சம் ஒன்று, வெளியிலிருக்கும் வெளிச்சம் வேறொன்று. மழை நாளில் உயரத்திலிருந்து நோக்கினால் மங்கலாய்த்தான் தெரியும். அம்மங்கலே அன்றைய உண்மை. அதைத் துடைத்தெறிந்து, தெளிவாய்க் கண்டார் என்று காட்ட முயன்றதனால், அவர் உண்மையிலேயே போய்ப் பார்த்ததும் பரிகாசமாயிற்று. வெள்ளம் மெய், பிரயாணம் மெய், படம் ஒன்றே பொய். மெய்யான துயரத்துக்குப் பொய்ப்படம் எதற்கு என்று கேட்கின்றோம்.

இதனால் விளையும் பெருங்கேடு வேறு. பொய்ப்படங்கள் மலிந்தால், மெய்ப்படத்தைக் கண்ட குற்றவாளியும் "இது ஒட்டு வேலை" என்று சொல்லித் தப்ப வழியுண்டு. 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தின் சேனல் 4 தொலைக்காட்சி, இலங்கையில் கைகட்டப்பட்ட மனிதர்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சியை வெளியிட்டது. இலங்கை அரசு அதனைப் புனைவென்றது. ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து, அது மெய்யானதென்றே தோன்றுகிறதென 2010 ஜனவரியில் அறிவித்தார். இறந்தவர்களுக்காகப் பேச ஒரு படச்சுருள் மட்டும் எஞ்சியிருக்கையில், அதையும் நிரூபிக்கும்படியாயிற்று.

நம் மாசாய்க்கு இது தூரத்து விஷயமன்று. 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவினால் 111 பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகள் மூச்சுத் திணறினர். அத்தகைய நாளில் ஒருவன் விளையாட்டாகப் புகையைப் பெருக்கியோ குறைத்தோ ஒரு படத்தைக் கைப்பேசியில் அனுப்பினால், தாய்மார் எதை நம்பித் தம் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவர்? இப்போதோ செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது; ஒட்டுவதற்குக் கத்தரிக்கோலும் வேண்டா, கைத்திறனும் வேண்டா.

இனி வீட்டுச் சுவருக்கு வருவோம். தோட்டத்து வீடுகளிலும் தாமான் வீடுகளிலும், மணமக்களின் பக்கத்தில் என்றோ காலமான தந்தை நிற்பதுபோல் இணைத்த படங்கள் உண்டு. இதனை இழித்துரைக்க நமக்கு மனம் வரவில்லை. தந்தை இறந்தாரென்பது வீட்டார் அனைவரும் அறிந்ததே. அப்படம் ஒருவரையும் ஏமாற்றவில்லை, ஓர் ஆசையைச் சொல்லுகிறது. வேலையில் குறையுண்டு என்பது வேறு. தந்தையின் காலடியில் நிழலே விழுவதில்லை.

நாம் பொறுக்காதது மற்றொன்று. பெண் பார்ப்பதற்குக் கொடுக்கும் படத்தில் கறுப்பை வெளுப்பாக்குகின்றார்கள். முன்னே கடைக்காரர் தூரிகை கொண்டு செய்தார். இப்போது கைப்பேசி கேளாமலே செய்கிறது. வெயிலில் நின்று பால் மரம் வெட்டிய பாட்டியின் பேத்தி, அப்பாட்டியின் நிறத்தைக் கொண்டு பிறந்தது எவ்விதத்தில் இழிவு? மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்து முகம் சுளிக்கும்போது, ஏமாற்றியவள் என்ற பெயர் அப்பெண்ணுக்கே வருகிறது. படத்தைத் தொட்டவன் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். அவள் சம்மதம் கேட்டவர் யார்? சோதிடத்தையும் சாதியையும் விட்டோம் என்று மேடையேறிப் பேசும் நண்பர்கள் சிலரும், தம் மகளின் படத்தை மட்டும் "கொஞ்சம் வெளுப்பாக" என்று சொல்லிக் கொடுப்பதை நாம் அறிவோம். பெற்றோர்களே, அடுத்த முறை படமெடுக்கப் போகையில் தொடாத படம் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் உங்கள் மகளிடமே கொடுத்து, எதை அனுப்புவதென்று அவளே சொல்லட்டும்.