யானைவெடி கற்றுக்கொடுக்கும் பாடம்

காலபோக நெல் கதிர் தள்ளத் தொடங்கினால் வன்னியின் நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரருக்கு நித்திரை இல்லை. யானை இறங்காமல் பரணில் காவல், கையில் டோர்ச்சும் யானைவெடியும். வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் வெடி போதாது என்பது வழக்கமான முறைப்பாடு. போதாமல் இருப்பது வெடியின் எண்ணிக்கைதானா?

திடீர்ச் சத்தத்துக்கு வெருள்வது யானையின் இயல்பு. ஆனால் சத்தத்துக்குப் பின்னால் வலி எதுவும் வராவிட்டால், கேட்கக் கேட்க வெருட்சி தேய்ந்துபோகும். வன்னி மனிதருக்கு இது தலைகீழ். இங்கே வெடிச்சத்தத்தோடு சாவும் சேர்ந்தே வந்தது. 2009 போரைக் கடந்து வந்தவர்களில் பலர், காவல்காரர் கொளுத்தும் வெடிக்கு இன்றும் திடுக்கிட்டு எழும்புகிறார்கள். யானை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெடி போடும்போது யானையின் வாயில் ஏற்கெனவே நெல் இருக்கிறது. ஒருநாள் துரத்தப்பட்டு, மறுநாள் வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போகிறது. எப்போதாவது கிடைக்கும் பரிசு ஊன்றிவிட்ட பழக்கம் லேசில் அழியாது என்று உளவியலாளர் ஸ்கின்னர் ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார். வெடி யானைக்குச் சொல்வதெல்லாம் ஆள் எந்த மூலையில் நிற்கிறார் என்பதே. அது மற்ற மூலையால் இறங்கும். கென்யாவின் அம்போசெலி யானைகள், ஈட்டி எறியும் மசாய் இளைஞரின் உடைவாடையைப் பயிர் செய்யும் கம்பா மக்களின் வாடையிலிருந்து பிரித்தறிந்து ஓடுவதை 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவ்வளவு நுட்பமாகப் படிக்கிற விலங்குக்கு நாம் வெறும் சத்தத்தைக் கற்பிக்கிறோம்.

அதற்காக வெடியே வேண்டாம் என்பது இருட்டில் யானையை எதிர்கொள்ளாதவர் பேச்சு. முற்றத்தில் யானை நிற்கும்போது பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போக வெடி சில நிமிடங்களை வாங்கித் தரும். கையிலேயே வெடித்து விரல் போனவர்கள் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

வெடி கற்பிக்காததைக் கற்பிப்பது மின்வேலி. அதன் பலம், தொட்ட கணத்திலேயே, தொட்ட ஒவ்வொரு முறையும் அடிப்பது. ஆயிரக்கணக்கான வோல்ற், ஆனால் விட்டுவிட்டு வரும் சிறு துடிப்பு, நோகும், கொல்லாது. (வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது கொலை. சட்டவிரோதமும்கூட.) சில அடி வாங்கிய யானைக்குப் பிறகு கம்பியைக் கண்டாலே போதும். ஆனால் பற்றரி இறங்கினாலோ, கொடி படர்ந்து மின் கசிந்தாலோ அந்தப் பாடம் அழியத் தொடங்கும். வேலிக்கட்டையில் மின் இல்லை என்று கண்ட யானை அதைக் காலால் சரிக்கும்.

பெரும்பாலான அரச வேலிகள் வனஜீவராசிகள் திணைக்களக் காட்டுக்கும் வனத் திணைக்களக் காட்டுக்கும் இடையிலான எல்லையில், இருபக்கமும் யானை நிற்க, கவனிப்பாரற்று நிற்கின்றன. யானை ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இல் தயாரித்த தேசியச் செயற்திட்டம், வேலியை ஊரையும் வயலையும் சுற்றிப் போடச் சொல்கிறது. வயல்வேலி பயிர்க் காலத்துக்கு மட்டும். அறுவடை முடிந்தால் கழற்றிவிடலாம். இதில் எனக்குப் பிடித்தது கழற்றுவதுதான். ஆளில்லாமல் நிற்கும் வேலி, உடைக்கப் பழகும் பள்ளிக்கூடம்.

ஆனால் கழற்றிப் பூட்டவும் துப்புரவாக்கவும் ஊரில் ஆள் வேண்டும். இளைஞர் வெளியேறிய கிராமங்களில் இத்திட்டம் தடுமாறும் இடம் இதுவே. ஆனாலும் தள்ளிப்போட நேரமில்லை: 2023இல் மட்டும் இலங்கையில் 470க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. அடுத்த கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் வெடி கேட்பதற்கு முன், கம்பியில் படர்ந்த கொடியை வெட்ட யார் எந்தக் கிழமை போவது என்று முறை எழுதுங்கள்.