முதலில் துணி, பிறகு கண்ணாடி

தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' எடுத்த ஆர். நடராஜ முதலியார் கார் உதிரிபாக வணிகர். சென்னை புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் அவர் அமைத்த தளத்துக்கு மெல்லிய வெள்ளைத் துணியே கூரை. அதில் வடிகட்டி இறங்கிய வெயிலில்தான் படப்பிடிப்பு நடந்தது. அன்று அவருக்கு வேறு வழி இல்லை என்று சொல்லலாம். ஆனால் ஒளியை மென்மையாக்கும் கலையில் பின்னால் வந்த எல்லா மரபுகளையும் அளந்து பார்க்க அந்தத் துணிக் கூரையைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

காரணம் இதுதான். உச்சி வெயில் முகத்தைக் கெடுப்பது பிரகாசத்தால் மட்டுமல்ல. சூரியன் நம் கண்ணுக்குச் சிறு வட்டம். அதனால் நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் விழுகிறது. நடுவில் துணி கட்டினால் துணி முழுவதுமே விளக்காகிவிடுகிறது. ஒளி பல திசைகளிலிருந்து வந்து முகத்தைச் சூழ, நிழலின் விளிம்பு கரைகிறது. சிறு விளக்கின் வாயிலேயே பட்டர் பேப்பரை ஒட்டினால் இது நடக்காது. வெளிச்சம் குறையும், அவ்வளவே. தாளை விளக்கிலிருந்து தள்ளி, நடிகருக்கு நெருக்கமாக நிறுத்தி, அதன் பரப்பு முழுவதும் ஒளி நிறையச் செய்ய வேண்டும். லென்ஸின் முன்னே மாட்டும் ஃபில்டரோ நிழலைத் தொடுவதே இல்லை. மூக்கின் நிழல் விழுந்த இடத்திலேயே கிடக்கும். பிரகாசமான இடங்களின் ஒளி பக்கத்தில் கசிந்து கறுப்பைச் சாம்பலாக்கும், தோலின் நுணுக்கத்தை மழுப்பும். இரண்டையும் 'டிஃப்யூஷன்' என்ற ஒரே சொல்லால் அழைப்பதால்தான் குழப்பம்.

ஹாலிவுட்டின் மௌனப்பட நாட்களிலேயே நடிகையின் நெருக்கக் காட்சிக்கு லென்ஸில் வலைத்துணி கட்டும் பள்ளி தோன்றிவிட்டது. பிறகு மெல்லிய பட்டுக் காலுறையும் கண்ணாடியில் தடவிய வாசலினும் வந்தன. அழகு கூடியது உண்மை. அடுத்த ஷாட்டில் அதே முகம் வலையின்றித் தெளிவாகத் தெரியும்போது கண் இடறுவதும் உண்மை. எதிர்த் திசையில் போனவர் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. 1956இல் வெளிவந்த 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீட்டு முற்றத்தை மழைக்குப் பயந்து கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் கட்ட வேண்டியிருந்தது. அவர் அரங்கின் மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மேல் அடித்துத் திருப்பினார். திறந்த வானத்திலிருந்து வருகிற நிழலற்ற வெளிச்சம் உள்ளேயே கிடைத்தது. இன்று நம் தளங்களில் தெர்மாகோல் பலகை பிடிக்கிற ஒவ்வொரு லைட்மேனும் அந்தப் பள்ளியைச் சேர்ந்தவரே.

தமிழில் 1980இன் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'யில் அசோக்குமாரும், 1982இன் 'மூன்றாம் பிறை'யில் பாலு மகேந்திராவும் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது பெற்றார்கள். இருவரும் இயற்கை ஒளியை நம்பியவர்கள். 1989இல் பி.சி. ஸ்ரீராம் ஊட்டியின் பனிமூட்டத்தையே 'இதயத்தைத் திருடாதே'யின் மொழியாக்கினார். பனி, தொலைவுக்கு ஏற்ப ஒளியைச் சிதறடிக்கும் திரை. அருகிலிருக்கும் முகம் துலங்கும், தூரத்து மரம் கரையும். அருகு, தூரம் என்று பார்க்காமல் ஒரே மாதிரி பரவும் ஃபில்டருக்கு இந்த விவேகம் வராது.

டிஜிட்டல் கேமரா மயிர்க்கால்வரை காட்டிவிடுகிறதே, ஃபில்டர் இல்லாமல் முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பிளாக் ப்ரோ-மிஸ்ட் என்ற ஃபில்டர் அந்தக் கூர்மையைத் தணிக்கும். அதிலுள்ள கரும்புள்ளிகள் கறுப்பு வெளிறுவதையும் ஓரளவு தடுக்கும். காட்சிக்குள் குத்துவிளக்கோ தெருவிளக்கோ இருந்தால் அதைச் சுற்றிப் பூக்கும் ஒளிவட்டத்துக்கு அதுதான் சரியான கருவி. கணினியில் பிறகு செய்துகொள்ளலாம் என்பது முழுமையான பதில் அல்ல. சட்டகத்துக்கு வெளியிலிருந்து விழும் ஒளியும் ஃபில்டரில் பட்டுச் சிதறும். மென்பொருளுக்குத் தெரிவது பதிவானது மட்டுமே. பெரிய ஸ்கிம்மர் துணி கட்ட ஆளும் நேரமும் வேண்டும், காற்றடித்தால் பாய்மரமாகும் என்ற தயக்கத்தையும் தள்ளிவிட முடியாது. அதற்காக எல்லாச் சுமையையும் கண்ணாடியின் தலையில் வைப்பது பொருந்தாது. துணியில் வடிந்த ஒளி விழும் முகத்துக்கு 1/8 அளவு ஃபில்டரே போதும். துணி கட்டாத நண்பகல் முகத்துக்கு 1 அளவு போட்டாலும் கண்குழியில் விழுந்த நிழல் அங்கேயேதான் இருக்கும்.