எண்ணூற்றைம்பது சொற்களின் கணக்கு

ஆங்கிலம் கற்பதற்குச் சில நூறு சொற்களே போதும், மற்றவை வெறும் ஆடம்பரம் என்று உபதேசிக்கும் வழக்கம் இக்காலத்தில் மறுபடியும் தலையெடுத்திருக்கிறது. அவ்விதம் சொல்வோர் தம் கட்சிக்குப் பிரமாணமாகக் காட்டுவது, 1930-இல் ஸி. கே. ஆக்டன் வகுத்தளித்த ‘பேஸிக் இங்கிலீஷ்’ திட்டத்தையே. மொத்தம் 850 சொற்கள். அவற்றுள் வினைகள், துணைவினை இரண்டையும் சேர்த்து, 18 மாத்திரமே. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் அதற்காகப் பாடுபட்டதும், 1943-இல் ஹார்வர்டில் சர்ச்சில் அதை ஆதரித்துப் பேசியதும் பிரசித்தமானவை.

திட்டத்தில் குணமே இல்லையென்று நான் சொல்லமாட்டேன். கண்ணுக்குப் புலனாகும் பொருள்களைப் படத்தோடு கற்பிப்பது நன்று. அரிய பதத்தை எளிய பதங்களால் விளக்கும் பயிற்சியும் ஆசிரியருக்குப் பெரிதும் உதவும்.

ஆயினும், வினைகளைக் குறைத்துவிட்டு அவற்றின் வேலையையெல்லாம் ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’, ‘ஓவர்’ முதலான இடைச்சொற்களின் தலையில் சுமத்தியதில்தான் இத்திட்டத்தின் பெருங்குறை இருக்கிறது. ‘டாலரேட்’ என்னும் வினை பட்டியலில் இல்லாமையால், பொறுத்துக்கொள்ளுதலைச் சொல்ல ‘புட் அப் வித்’ என்னும் தொடரை நாடவேண்டும். வைத்தல், மேலே, உடன் என்று மூன்றன் பொருளையும் ஐயமறக் கற்ற மாணவன், அவற்றை எவ்வாறு கூட்டிப் பார்த்தாலும் பொறுமை என்னும் அர்த்தத்தை அடையமாட்டான். அதே ‘புட்’, ‘ஆஃப்’ என்பதோடு கூடினால் ஒத்திப்போடுதல். ‘அவுட்’ என்பதோடு கூடினால் விளக்கை அணைத்தல். ‘அப்’ என்பதோடு மட்டும் நின்றால் விருந்தினருக்குத் தங்க இடமளித்தல். வினையின் துணையே வேண்டாத தொடர்களிலும் இதே சங்கடம் உண்டு: ‘ஆன் டைம்’ என்றால் குறித்த வேளைக்கு, ‘இன் டைம்’ என்றால் வேளை தப்புவதற்கு முன், சில இடங்களில் நாளடைவில் என்றும் பொருள்படும். பட்டியலோ ‘ஆன்’, ‘இன்’, ‘டைம்’ என்று மூன்றே சொற்களாக இவற்றைக் கணக்கிட்டுவிடுகிறது.

தாய்ப்பாஷையாகப் பேசுகிறவனுக்கு இந்தச் சிரமம் தோன்றுவதே இல்லை. மூச்சு விடுகிறோம், தூது விடுகிறோம், நண்பனைக் கைவிடுகிறோம். ‘விடு’ என்னும் ஒரு சொல்லை அறிந்தால் போதும் என்று ஓர் அயல்நாட்டாரிடம் சொல்ல நம்மில் எவரேனும் துணிவரோ? அவருக்கு ஒவ்வொரு பிரயோகமும் புதிதாகக் கற்கவேண்டிய தனிச் சொல்லே. நம் மாணவனுக்கு ‘போஸ்ட்போன்’ நீளமான சொல்தான். ஆனால் ஒருமுறை கற்றால் அது அவனை ஏமாற்றாது. ‘புட் ஆஃப்’ குறுகிய தொடர். ஓரிடத்தில் தள்ளிவைத்தலென்றும், மற்றோரிடத்தில் அருவருப்பூட்டுதலென்றும் பொருள் மாறி அவனைத் தடுமாறச் செய்யும். சொல் சிறியதாயிருப்பதை எளிமையென்று கொண்டது மன்னிக்கத்தக்க பிழையன்று. கற்பவனுடைய பிரயத்தனத்தை அளக்காமல் அச்சிட்ட பட்டியலை மட்டும் அளந்ததன் பலன் அது.

இவ்வாட்சேபம் புதியதன்று. வங்காளத்தில், டாக்காவில், பிறபாஷை மாணவர்களிடையே ஆங்கிலக் கல்விக்காக உழைத்த மைக்கேல் வெஸ்ட், தம் சகாக்களுடன் 1934-இலேயே இத்திட்டத்தை விரிவாகப் பரிசீலித்துக் கண்டித்தார். அக்கண்டனத்துக்குத் தக்க விடை கூறாமல் பழைய எண்ணையே மீண்டும் பறைசாற்றுகிறவர்கள், ‘புட்’, ‘கெட்’, ‘டேக்’ ஆகிய மூன்று வினைகளை மாத்திரமாவது எடுத்துக்கொண்டு, இடைச்சொற்களோடு கூடி அவை பெறும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பட்டியலில் சேர்க்கட்டும். பிறகு மொத்தம் எத்தனையென்று மாணவனுக்கு அறிவிக்கட்டும்.